கெடு வாரத்தில் கேபிடல் குன்று: வாஷிங்டன் நாட்குறிப்பு

மார்ச் 10, 2025, திங்கள்

வாஷிங்டன் யூனியன் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோது மாலை வெளிச்சம் இன்னும் மீதமிருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் கடிகாரங்களை முந்தைய நாள் அதிகாலையில்தான் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள் என்பதால், விமானப் பயணத்தில் ஏற்கெனவே குலைந்து போயிருந்த என் உறக்கத்துக்கு அது கூடுதல் சோதனையாக அமைந்தது. நிலையத்தின் பின்புறத்திலிருந்து எச் தெரு வழியாக ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டிக்குக் கட்டணம் இல்லை. சீட்டு வாங்கும் இடத்தை நான் தேடிக்கொண்டிருந்ததைக் கண்ட ஒரு பெரியவர், "இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பது இது ஒன்றுதான், ஏறிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஊர்க்காரர்களின் சலிப்புக்கு அதெல்லாம் கணக்கில் வராது போலும்.

நான் வாடகைக்கு எடுத்திருந்தது ஒரு பழைய வரிசை வீட்டின் கீழ்த்தள அறை. வீட்டுக்கார அம்மாள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வாசலில் நின்ற அவருடைய காரின் எண் பலகையில், பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு ஒழிய வேண்டும் என்ற வாசகம் அரசாங்க எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. தனிப்பட்ட குறும்பு என்று நினைத்து விசாரித்தால், நகர நிர்வாகமே வழங்கும் பலகை அது என்றார். ஏறத்தாழ 7 லட்சம் பேர் வாழும் இந்தத் தலைநகருக்கு, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓர் உறுப்பினரும் இல்லை. கீழவையான பிரதிநிதிகள் அவையில் 1991 முதல் எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் என்ற அம்மையார் அமர்ந்திருக்கிறார். பேசலாம், குழுக்களில் பணியாற்றலாம், ஆனால் அவையில் ஒரு மசோதா இறுதி வாக்கெடுப்புக்கு வரும்போது அவருக்கு வாக்கில்லை. இதைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட வயோமிங் மாநிலத்துக்கு இரண்டு செனட்டர்கள் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் அதே இரண்டுதான்.

"வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு அரசாங்கத்தின் பணம் தீர்கிறது. நீங்கள் நல்ல வாரத்தில்தான் வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் புளிக்காய்ச்சல் கலந்த சோறும் தயிர்ச் சோறும் இரண்டு டப்பாக்களில் எடுத்துக்கொண்டு நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்துக்கு நடந்தேன். பார்வையாளர் மையம் கட்டடத்தின் கிழக்குப் புறத்தில், தரைக்கு அடியில் இருக்கிறது. 2008 டிசம்பரில்தான் திறந்தார்கள். உணவுப் பொருள் எதையும் உள்ளே கொண்டு போக முடியாது, தண்ணீர்ப் புட்டியும் காலியாக இருக்க வேண்டும் என்று சோதனை வாசலில் நின்ற காவலர் சொன்னார். டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போடச் சொல்வார் என்று எண்ணினேன். அவரோ, என்ன சோறு என்று கேட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு வாருங்கள், நான் பகல் முழுவதும் இங்கேதான் இருப்பேன் என்றார். பத்தரை மணிக்கு, எலும்பைத் தொடும் காற்றில், கேபிடலின் இரும்புக் குவிமாடத்தைப் பார்த்தபடி மதியச் சாப்பாட்டை முடித்தேன். திரும்பி வந்தபோது அவர் என்னை அடையாளம் கண்டு, வரிசையின் ஓரமாக உள்ளே அனுப்பினார்.

அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் பார்வையாளர் மாடத்துக்கான அனுமதிச் சீட்டைப் பெறுகிறார்கள். வெளிநாட்டவர் பார்வையாளர் மையத்தின் மேல்தளத்திலுள்ள மேசையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெறலாம். பணம் எதுவும் இல்லை. கைபேசி, கேமரா, மின்கலத்தில் இயங்கும் எதுவும் மாடத்துக்குள் வரக் கூடாது. அவற்றை ஒப்படைத்துவிட்டு பிரதிநிதிகள் அவையின் மாடத்தில் போய் அமர்ந்தபோது, கீழே 99 பக்கமுள்ள ஒரு மசோதாவின் மீது விவாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்த மசோதாவின் பின்னணியைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. அதற்குள் 12 செலவின மசோதாக்களை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான ஆண்டுகளில் அது நடப்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி காங்கிரஸின் சட்டம் இல்லாமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் வெளியே எடுக்க முடியாது என்பதால், பழைய அளவிலேயே செலவைத் தொடர அனுமதிக்கும் தற்காலிகச் சட்டங்களைப் போட்டுக் காலத்தை நகர்த்துவார்கள். அப்படிப் போட்ட ஒரு சட்டம் இந்த வெள்ளிக்கிழமை நள்ளிரவில் காலாவதியாகிறது. அதற்குள் அடுத்தது நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் முடங்கும். 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. விமான நிலையச் சோதனைப் பணியாளர்கள் அத்தனை நாளும் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். இப்போது வந்திருப்பது செப்டம்பர் 30 வரை செலவைத் தொடரும் மசோதா.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு விவாத நேரம் மொத்தம் ஒரு மணி. இரு தரப்புக்கும் சரிபாதி. எத்தனை நேரம் பேசலாம், திருத்தம் கொண்டு வரலாமா கூடாதா என்பதையெல்லாம் விதிகள் குழு முன்கூட்டியே முடிவு செய்து, அதையும் அவையின் வாக்குக்கு விட்டு நிறைவேற்றிக்கொள்கிறது. அந்தக் குழுவில் ஆளும் தரப்புக்கு 9 இடம், எதிர்த்தரப்புக்கு 4. அவையில் கட்சிகளின் பலம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் இந்தக் குழுவில் மட்டும் பெரும்பான்மைக் கட்சி இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏன் என்பது, ஒரு மணி நேரம் மாடத்தில் உட்கார்ந்திருந்தால் விளங்கிவிடும். குடியரசுக் கட்சியின் தரப்பில் ஒக்லஹோமாவின் டாம் கோலும், ஜனநாயகக் கட்சியின் தரப்பில் கனெக்டிகட்டின் ரோசா டிலாரோவும் நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் கட்சிக்காரர்களுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். நிமிடம் முடிந்ததும் தலைவர் சுத்தியைத் தட்டுகிறார். வாக்கியம் பாதியில் நிற்கிறது. யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. முன் பேசியவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் மறுபடி ஒரு நிமிடம் கடன் கேட்க வேண்டும். அவையில் அமர்ந்திருந்தவர்களும் மிகச் சிலரே. தொலைக்காட்சிக் கேமராவுக்குப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கூட்டம் கூடியது வாக்கெடுப்பின்போதுதான். கட்டடங்கள் அனைத்திலும் இரண்டு முறை மணி அடிக்கிறது. அது மின்னணு வாக்கெடுப்புக்கான அழைப்பு. கதவுகள் வழியாக உறுப்பினர்கள் சாரிசாரியாக வந்து, இருக்கைகளின் பின்புறத்தில் பொருத்தியுள்ள சிறு பெட்டிகளில் தங்கள் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்துகிறார்கள். பிரதிநிதிகள் அவையில் யாருக்கும் தனக்கென்று இருக்கை கிடையாது. இங்கே அழுத்திவிட்டு அங்கே போய் நின்று பேசுகிறார்கள். அவைத்தலைவரின் பீடத்துக்கு மேலே, அதுவரை வெறும் சுவராகத் தெரிந்த இடத்தில் எல்லாப் பெயர்களும் ஒளிர்ந்தன. பெயருக்குப் பக்கத்தில் பச்சை அல்லது சிவப்பு விளக்கு. 1973 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. சென்னையில் பிறந்து வாஷிங்டன் மாநிலத்திலிருந்து தேர்வான பிரமிளா ஜெயபாலின் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியின் பெயரைத் தேடிப் பிடிப்பது இன்னும் எளிது; அந்தப் பலகையில் அவ்வளவு நீளமான பெயர்கள் அதிகம் இல்லை. 15 நிமிடம் என்று கடிகாரம் காட்டினாலும் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் வாக்கெடுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை திருப்தியாகும் வரை சுத்தியைத் தட்டாமல் இருப்பது தலைவரின் கையில் இருக்கிறது.

முடிவு 217க்கு 213. குடியரசுக் கட்சியில் கென்டக்கியின் தாமஸ் மாஸி ஒருவர் மட்டும் எதிர்த்தார். ஜனநாயகக் கட்சியில் மெய்னின் ஜாரெட் கோல்டன் ஒருவர் மட்டும் ஆதரித்தார். மாஸியை அடுத்த உட்கட்சித் தேர்தலில் தோற்கடிக்க வேண்டும் என்று அதிபர் டிரம்ப் வெளிப்படையாக எழுதியிருந்தார். ஆனால் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே போய்விடும் என்ற நிலை இங்கே இல்லை. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு நம் நாடாளுமன்றத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒற்றை ஆளாகச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுச் சக கட்சிக்காரர்களோடு சிரித்துப் பேசியபடி ஒருவர் வெளியேறுவது புதுமையாக இருந்தது.

முடிவு அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களில் அவை காலியாயிற்று. மசோதாவை செனட்டின் மடியில் போட்டுவிட்டு, மாற்றம் செய்து திருப்பி அனுப்பினாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லாதபடி, மார்ச் 24 வரை ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வெளியே படிகளின் அருகே கார்கள் வரிசையாகக் காத்திருந்தன. ஓர் இளம் உதவியாளர் மூன்று பெட்டிகளை ஒரே நேரத்தில் இழுக்க முயன்று ஒன்றைக் கவிழ்த்துவிட்டார். எடுத்துக் கொடுத்தேன், விமானத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினார்.

மார்ச் 12, புதன்

காலையில் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும் குழுவில் சேர்ந்துகொண்டேன். சிவப்புக் கோட்டு அணிந்த வழிகாட்டி பேசுவது காதில் மாட்டிய கருவி வழியே கேட்கிறது. குவிமாடத்தின் உட்கூரையில் கான்ஸ்டான்டினோ புருமிடி 1865இல் முடித்த ஓவியம் தரையிலிருந்து 180 அடி உயரத்தில் இருப்பதால், கழுத்து வலிதான் முதலில் நினைவில் நிற்கிறது. பழைய பிரதிநிதிகள் அவையாக இருந்த சிலைக் கூடத்தில், வழிகாட்டி ஒரு மூலையில் நின்று முணுமுணுத்ததைக் கூடத்தின் மறு பக்கத்தில் நின்ற நாங்கள் தெளிவாகக் கேட்டோம். அதிபராக இருந்து இறங்கிய பின் 17 ஆண்டுகள் சாதாரண உறுப்பினராக இதே கூடத்தில் அமர்ந்திருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், 1848இல் தம் மேசையருகே சரிந்து விழுந்து, இரண்டு நாளில் இதே கட்டடத்தில் இறந்தார்.

பிற்பகலில் செனட் மாடத்துக்குப் போனேன். அங்கே நான் கண்டது இந்தப் பயணத்திலேயே விசித்திரமான காட்சி. நூறு மரமேசைகள் அரைவட்டமாக இருக்கின்றன. 1814இல் ஆங்கிலேயர் கட்டடத்தை எரித்த பின், 1819இல் செய்வித்த மேசைகளில் பல இன்னும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஒன்றிலும் ஆள் இல்லை. துணை அதிபர் அமர வேண்டிய நாற்காலியில் ஆளும் தரப்பின் இளைய செனட்டர் ஒருவர் முறை வைத்து அமர்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் கருநீல உடையணிந்த பள்ளி மாணவர்கள் இருவர், பணியாளர்களாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் ஒரு பெயரை வாசித்தார். பதில் இல்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு அடுத்த பெயர். அதற்கும் பதில் இல்லை. யாரும் பதில் சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒரு குழந்தை, இவர்களெல்லாம் எங்கே என்று உரக்கக் கேட்டு, தாயிடம் அதட்டல் வாங்கியது.

அவையில் கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லை என்று ஓர் உறுப்பினர் கிளப்பினால் பெயர்ப் பட்டியலை வாசித்தாக வேண்டும் என்பது விதி. 51 பேர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே; ஆனால் இதைக் கிளப்புவது ஆள் சேர்ப்பதற்காக அல்ல, அவையை ஒத்திவைக்காமலே நேரத்தை நிறுத்தி வைப்பதற்காக. உள்ளறைகளில் பேரம் நடக்கும் வரை எழுத்தர் பெயர்களை இழுத்து இழுத்து வாசிப்பார். பேச வேண்டியவர் வந்ததும், பட்டியல் வாசிப்பை நிறுத்த ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பார், நிறுத்திவிடுவார்கள். நேற்று நிமிடத்துக்காக அடித்துக்கொண்ட அவையைப் பார்த்த கண்ணுக்கு, நேரத்தைக் கொட்டிக் கிடத்திய இந்த அவை வேறொரு நாட்டைச் சேர்ந்ததாகவே தோன்றியது. உண்மையில் இரண்டும் ஒரே சங்கதிதான். பெரும்பான்மைக் கட்சி அங்கே நேரத்தைப் பிடியில் வைத்திருக்கிறது. இங்கே ஒவ்வோர் உறுப்பினரும் பிடியில் வைத்திருக்கிறார்.

கைபேசியைத் திரும்பப் பெறும் இடத்தில் இருந்த முதிய பணியாளர், இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்து, எங்கள் சுத்தி உங்கள் நாட்டுடையது தெரியுமா என்றார். செனட்டில் தட்டும் சுத்திக்குக் கைப்பிடி கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கும் தந்தத் துண்டு அது. மிகப் பழைய சுத்தி 1954இல், ரிச்சர்டு நிக்சன் துணை அதிபராக அவையை நடத்தியபோது, அணுசக்தி பற்றிய காரசாரமான விவாதத்தில் உடைந்து போயிற்று. அந்த அளவுக்குத் தந்தம் கடையில் கிடைக்காததால் இந்தியத் தூதரகத்தை அணுகினார்கள். அதே ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி, மாநிலங்களவையின் தலைவராகவும் குடியரசுத் துணைத் தலைவராகவும் இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் நேரில் வந்து புதிய சுத்தியைச் செனட்டுக்கு வழங்கினார். அவர் திருத்தணியில் பிறந்தவர் என்பதையும், எங்கள் ஊரிலிருந்து அது ரயிலில் போய் வரும் தூரம் என்பதையும் சொன்னேன். பெரியவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, அடுத்து வரும் இந்தியருக்குச் சொல்வேன் என்றார்.

குளிருக்கு, டர்க்சன் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தள உணவகத்தில் செனட்டின் புகழ்பெற்ற பீன்ஸ் சூப்பை வாங்கிக் குடித்தேன். செனட் உணவகத்தில் நூறாண்டுக்கு மேலாக நாள்தோறும் இது இருந்தாக வேண்டும் என்பது மரபு; ஐடஹோவின் ஃபிரெட் டூபுவா கேட்டார் என்றும், மினசோட்டாவின் நூட் நெல்சன் கேட்டார் என்றும் இரண்டு கதை சொல்கிறார்கள். வெள்ளை மொச்சை, வெங்காயம், பன்றியின் கணுக்கால் இறைச்சி. உப்பைத் தவிர வேறு ருசி எதையும் நாக்கு பிரித்தறியவில்லை. ஏறத்தாழ ஐந்து டாலர். மரபு என்றால் இப்படித்தான், யாருக்கும் நிறுத்தத் துணிவு வராது.

இரவு வீட்டுக்கார அம்மாள் தொலைக்காட்சியைக் காட்டினார். செனட்டில் சிறுபான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியின் தலைவர் சக் ஷூமர் அன்று அவையில் பேசியது ஓடிக்கொண்டிருந்தது: இந்த மசோதாவை முன்னெடுக்கக் குடியரசுக் கட்சியிடம் வாக்குகள் இல்லை, ஏப்ரல் 11 வரைக்குமான குறுகிய கால மசோதாவைப் போடலாம் என்றார். ஆளும் தரப்புக்கு 53 பேர்; விவாதத்தை முடித்து மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டு போக 60 வாக்குகள் வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

நியமனங்களுக்குச் செனட்டின் ஒப்புதல் எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்க விரும்பி, விடிந்ததும் டர்க்சன் கட்டடத்துக்குப் போனேன். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநராக அதிபர் முன்மொழிந்த டேவிட் வெல்டனை, சுகாதாரக் குழு அன்று காலை விசாரிப்பதாக இருந்தது. அந்தப் பதவிக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு முன்மொழியப்பட்ட முதல் ஆள் அவர். தடுப்பூசிகளைப் பற்றி அவர் முன்பு கிளப்பிய ஐயங்களால் கடுமையான கேள்விகள் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

விசாரணைகளுக்கு அனுமதிச் சீட்டு இல்லை. முதலில் வருபவருக்கு முதல் இடம். எனக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் போர்வையோடு அமர்ந்திருந்த இளைஞர், விசாரணையில் தமக்கு எந்த ஆர்வமும் இல்லை என்று வெள்ளந்தியாகச் சொன்னார். இடம் பிடித்து நிற்பதுதான் அவர் தொழில். மணிக் கணக்கில் கூலி. கதவு திறக்கும் நேரத்தில், காப்பிக் கோப்பையும் நல்ல காலணியுமாக ஒரு லாபிக்காரர் (பிறருக்காக உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டுபவர்) வந்து அந்த இடத்தில் நின்றுகொள்வார். சட்டப்படி இதில் தவறில்லை. தூங்காமல் வந்து நிற்கும் மாணவருக்கும் தூங்கி எழுந்து வரும் லாபிக்காரருக்கும் ஒரே வரிசை என்று சொல்லிக்கொள்கிற ஏற்பாட்டில், எனக்கு இதைவிட எரிச்சலூட்டிய காட்சி வேறில்லை. ஆனாலும் அந்த இளைஞர் மீது கோபம் வரவில்லை. தம் குடுவையிலிருந்த சூடான சாக்லேட்டில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார்.

விசாரணை நடக்கவில்லை. வரிசையில் எல்லோருடைய கைபேசியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் செய்தி வந்தது: வெள்ளை மாளிகை அவருடைய பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழுவிலோ அவையிலோ யாரும் அவருக்கு எதிராக வாக்களிக்கவில்லை. வாக்கு போதாது என்பது முன்கூட்டியே எண்ணித் தெரிந்துவிட்டதால் அவர் அந்த நாற்காலி வரைக்கும் வரவே இல்லை. தோற்கப் போகும் வாக்கெடுப்பு இங்கே பெரும்பாலும் நடப்பதே இல்லை என்று எனக்குப் பின்னால் நின்ற ஒரு செய்தியாளர் சொன்னார். நாற்காலிக்கார இளைஞருக்கு நின்ற நேரத்துக்கான கூலி வந்துவிடுமாம். மடக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்திலுள்ள ஹார்ட் கட்டடத்தில் நகரவாசிகள் பலர் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை நிறைவேறிய மசோதாவில், வழக்கமாகச் சேர்க்கப்படும் ஒரு பத்தியைக் காணோம்: நகரம் தன் வரவு செலவுத் திட்டத்தின்படியே செலவிடலாம் என்ற விதிவிலக்கு அது. அது இல்லாததால், நிதியாண்டு பாதி ஓடிய நிலையில், நகரம் முந்தைய ஆண்டின் அளவுக்குத் திரும்ப வேண்டும்; ஏறத்தாழ 110 கோடி டாலர் வெட்டு. மத்திய அரசுக்கு இதில் ஒரு சதமும் மிச்சமில்லை, அது நகர மக்கள் கட்டிய வரிப்பணம். 1973ஆம் ஆண்டுச் சட்டம் நகரத்துக்கு மேயரையும் மன்றத்தையும் கொடுத்தது. ஆனால் வரவு செலவுத் திட்டத்தின் மீதான கடைசி அதிகாரத்தைக் காங்கிரஸ் விடவில்லை. தங்களுக்கென்று செனட்டர் இல்லாதவர்கள் யாரிடம் முறையிடுவது? அகப்பட்ட அலுவலகக் கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி தன் பள்ளியின் பெயரைத் தானே வண்ணம் தீட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, அலெக்சாண்டர் கால்டரின் கரிய இரும்புச் சிற்பத்தைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடினாள்.

மாலையில் எல்லாம் தலைகீழானது. முடக்கம் வந்தால் எந்த அலுவலகம் இயங்கலாம், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதிபரின் கைக்குப் போய்விடும், அது இந்த மசோதாவைவிட மோசம் என்று சொல்லி, விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்குத் தாமே ஆதரவளிக்கப் போவதாக ஷூமர் அறிவித்தார்.

மார்ச் 14, வெள்ளி

கெடு நாளில் செனட் மாடத்துக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது. மாடம் நிறைந்ததும், சிறிது நேரம் பார்த்தவர்களை எழுப்பி அடுத்தவர்களை அனுப்பினார்கள். கதவருகே நின்ற பணியாளர்கள் இதை ஒரு கடுஞ்சொல் இல்லாமல், தோளில் தட்டி, நன்றி சொல்லிச் செய்தார்கள். முதல் முறை எழுப்பப்பட்டதும் மறுபடி வரிசையில் போய் நின்றேன். மதியச் சாப்பாடு என்று ஒன்று அன்று இல்லை.

விவாதத்தை முடிக்கும் விதி 1917இல் வந்தது. முதலில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. 1975இல் ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60ஆகக் குறைத்தார்கள். தீர்மானத்தைத் தாக்கல் செய்து, இடையில் ஒரு நாள் கழிந்த பிறகே வாக்கெடுக்க முடியும். வென்றாலும் இன்னும் 30 மணி நேரம் வரை இழுக்கலாம். மசோதா நிறைவேறுவதற்கோ சாதாரணப் பெரும்பான்மை போதும். சரிசமமாகப் பிரிந்தால் துணை அதிபர் வாக்களிப்பார். ஜான் கல்ஹூனின் 31 முறை என்ற பழைய சாதனையை முறியடித்து, 33 முறை அப்படி வாக்களித்தவர் துளசேந்திரபுரத்தோடு தாய்வழித் தொடர்புள்ள கமலா ஹாரிஸ்.

செனட்டில் மின்னணுப் பலகை கிடையாது. எழுத்தர் பெயர் வாசிக்க, உறுப்பினர்கள் மேசைக்கு முன் வந்து கட்டை விரலை மேலேயோ கீழேயோ காட்டுகிறார்கள். 2017 ஜூலையில் ஜான் மெக்கெயின் விரலைக் கீழே காட்டி, ஒபாமா காலச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தைக் காப்பாற்றியது இப்படித்தான். புதன்கிழமை வெறிச்சோடிக் கிடந்த அவையில் இப்போது நடக்க இடமில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி, இரு கட்சிக்காரர்களும் கூட்டங்கூட்டமாக நின்று சிரித்துப் பேசினார்கள். வெளியே நாடே திட்டிக்கொண்டிருக்கும்போது இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று பக்கத்து இருக்கையிலிருந்த பெண்மணி கடுகடுத்தார்.

எண்ணிக்கை 62க்கு 38. குடியரசுக் கட்சியின் ராண்ட் பால் எதிர்த்தார். எதிர்த்தரப்பிலிருந்து ஷூமர் உட்படப் பத்துப் பேர் ஆதரித்தார்கள். 30 மணி நேரத்தை யாரும் கோராமல் ஒருமனதாக விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, நான்கு திருத்தங்களை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். நான்கும் தோற்றன. வென்றிருந்தால் மசோதா, ஆளில்லாத பிரதிநிதிகள் அவைக்குத் திரும்பப் போயிருக்கும்; எனவே அந்தத் திருத்தங்கள் தோற்பதற்காகவே வந்தவை. மாலையில் மசோதா 54க்கு 46 என்று நிறைவேறியது. இந்த முறை எதிர்த்தரப்பிலிருந்து ஆதரித்தவர்கள் நியூ ஹாம்ப்ஷயரின் ஜீன் ஷஹீன், மெய்னின் ஆங்கஸ் கிங் ஆகிய இருவர் மட்டுமே. அதாவது, அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் மதியம் கதவைத் திறந்து விட்டு, மாலையில் உள்ளே வந்ததை எதிர்த்து வாக்களித்தார்கள். மதியம் வாக்களிக்காமல் இருந்திருந்தால் மாலை வாக்கெடுப்பே நடந்திருக்காது. இனித் தொகுதிக் கூட்டங்களில் அவர்கள் எந்த வாக்கைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஊகிக்க அரசியல் ஞானம் தேவையில்லை.

தலைநகரின் 110 கோடி டாலரைத் திருப்பித் தரும் தனி மசோதா ஒன்றும் அன்று மாலை வந்தது. மெய்னின் சூசன் காலின்ஸ் கொண்டு வந்த அதைக் குரல் வாக்கெடுப்பில் ஒரு நிமிடத்தில் நிறைவேற்றினார்கள். எதிர்ப்பே இல்லாததுபோல் இருந்தது.

பசியோடு எச் தெருவில் ஓர் எத்தியோப்பிய உணவகத்துக்குள் நுழைந்தேன். இந்நகரில் எத்தியோப்பியர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். பெரிய வட்டத் தட்டு நிறையப் புளித்த மாவில் சுட்ட இன்ஜெரா, ஓட்டை ஓட்டையாக நம் ஆப்பத்தின் நடுப்பகுதியைப்போல் விரிந்திருக்க, அதன் மேல் பருப்பு, கீரை, முட்டைக்கோசு. கரண்டி இல்லை, கையால்தான். பரிமாறிய பெண், நான் சாப்பிடும் வேகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே இன்னும் இரண்டு சுருள் கொண்டு வந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இருபது டாலருக்கு மேல் ஆயிற்று. உணவகச் சாப்பாட்டுக்கு இந்நகரில் 10 சதவீத வரி. ரசீதில் அந்த வரியைப் பார்த்தபோது, அந்தப் பணத்தை எப்போது எவ்வளவு செலவிடலாம் என்று இன்று மாலை முடிவு செய்தவர்களில் ஒருவரையும் இந்தப் பெண் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உறைத்தது.

மார்ச் 15, சனி

வீட்டுக்கார அம்மாள் தம் காரில் ஈஸ்டர்ன் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். 1873 முதல் நடக்கும் சந்தை அது. ப்ளூபெர்ரி போட்ட தடித்த பான்கேக்குக்கு ஒரு நீண்ட வரிசையில் நின்றோம். அங்கே இடம் பிடித்துத் தரும் தொழிலாளர்கள் யாரும் இல்லை. அன்று அதிபர் நிதி மசோதாவில் கையெழுத்திட்டார் என்ற செய்தியைப் பின்னர் கேட்டேன்.

நகரத்தின் பணத்தைத் திருப்பித் தரும் மசோதா செனட்டில் நிறைவேறிவிட்டதே, இனிக் கவலை இல்லையே என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "பாதிதானே நிறைவேறியிருக்கிறது" என்றார். இரு அவையும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் சட்டம். மற்ற அவையில் எந்த மசோதாவை எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பவர் அவைத்தலைவர் மைக் ஜான்சன். அவருக்கு எந்தக் கெடுவும் இல்லை. எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லத் தேவையில்லை, எடுக்காமல் இருந்தாலே போதும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகளுக்குக் குடிமையியல் கற்பித்த அந்த ஆசிரியை, மசோதா சட்டமாகும் படிகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம் இந்தப் படியை மட்டும் வரைந்ததே இல்லையாம்.

யூனியன் நிலையத்தில் இறக்கிவிடும்போது, வழியில் சாப்பிட மீதி பான்கேக்கைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். ரயிலில் உணவுக்குத் தடை எதுவும் இல்லை.